கறுத்துப்போன கால் ஏக்கர்

சூறாவளி அடித்த அன்று காலையில் அஸீஸா தன் புருஷன் மக்கீனிடம் ஒரு வேலை சொன்னாள். மெசின் திருத்தும் கராச்சுக்குள் நிறுத்தியிருந்த பழைய ஒயில் பீப்பாக்களை வெளியே எடுத்துப் பின்வேலியோரம் வைக்கச் சொன்னாள். மழை வரப்போகிறது, ஆட்டுக்கொட்டில் ஒழுகும், ஆடுகளைக் கட்ட வேறு இடமில்லை, ஒயில் மணம் வேறு குசினி அடுப்படிவரைக்கும் வந்து தலையை இடிக்கிறது என்றாள். மக்கீனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே மூன்று பீப்பாக்களையும் உருட்டிக்கொண்டுபோய் வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தான்.

கல்முனையிலிருந்து கிட்டங்கிக்குப் போகும் வீதியில், நற்பிட்டிமுனையைத் தாண்டி, வயல் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய வீடும் கராச்சும் இருந்தன. மக்கீன் உழவு மெசின் திருத்துகிறவன். சம்மாந்துறை, சவளக்கடைப் பக்கமிருந்தெல்லாம் அவனிடம் மெசின்கள் வரும். மெசினிலிருந்து வடிக்கும் பழைய ஒயிலை அவன் வீசுவதில்லை. வேலிக்கட்டைக்குப் பூச, வண்டி அச்சுக்குப் போட என்று ஆட்கள் கேட்டு வருவார்கள் என்பதால் பீப்பாக்களில் சேர்த்துவைப்பான். பின்வேலிக்கு அப்பால் நேசம்மாவின் வயல் இருந்தது. ஒரு ஏக்கர்.

அது 1978ஆம் ஆண்டு, நவம்பர் மாதம் இருபத்துமூன்றாம் தேதி. அன்றிரவு அடித்த காற்று கராச்சின் கூரைத் தகரங்களை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கொண்டுபோனது. மக்கீனும் அஸீஸாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கித் தப்பினார்கள். விடிந்து வந்து பார்த்தபோது வேலியைக் காணவில்லை. வீட்டு வளவுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. ஏழு ஆடுகளில் மூன்று செத்துவிட்டன. கராச்சின் கல்சுவர் மட்டும் அசையாமல் நின்றது. அஸீஸா அந்தச் சுவரைப் பார்த்தாள். பீப்பாக்கள் உள்ளேயே இருந்திருந்தால் அவையும் அங்கேயே நின்றிருக்கும்.

வெள்ளம் வடியப் பத்து நாட்கள் எடுத்தன. மூன்று பீப்பாக்களும் நேசம்மாவின் வயலுக்குள் சரிந்து கிடந்தன. மூன்றிலும் ஒயில் ஒரு சொட்டும் இல்லை.

நேசம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் செத்து எட்டு வருடம். நற்பிட்டிமுனையில் தன் மகள் சாரதாதேவியோடு இருந்தாள். இரண்டு பசுக்கள் நின்றன. வயல் அவளுடைய தாய் கொடுத்தது. மகளுக்குக் கலியாணம் பேசும்போது மகளுக்குக் கொடுக்க வேண்டியது. உழவுக்கும் நெல் வெட்டுக்கும் மட்டுமே ஆள் பிடிப்பாள். மற்ற வேலையெல்லாம் அவளுடையதுதான். வயலுக்கு வந்துபோகும்போது அஸீஸாவின் வாசலில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது பல வருடத்துப் பழக்கம்.

அன்றைக்கு அவள் வரம்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அஸீஸா பக்கத்தில் போனாள்.

"அக்கா, இந்தப் பீப்பா..." என்று தொடங்கினாள்.

"நீ என்ன செய்வாய் புள்ள? ஊரையே அள்ளிக்கொண்டு போன காத்து உங்கட பீப்பாவ மட்டும் விட்டுவைக்குமா? எல்லாம் கடவுள்ட செயல்."

தொண்டைவரை வந்த சொல் அப்படியே உள்ளே போய்விட்டது. பிறகு அதை வெளியே எடுக்க அஸீஸாவுக்கு ஐந்து மாதமானது.

தை மாதத்தில் அரசாங்கம் கொடுத்த விதைநெல்லை நேசம்மா மறுபடி விதைத்தாள். முக்கால் ஏக்கர் முளைத்துப் பச்சை பிடித்தது. வேலிப் பக்கத்துக் கால் ஏக்கரிலும் முளைத்தது. ஆனால் பயிர் ஒரு விரல் உயரம் வந்ததும் நுனி மஞ்சளாகி, ஒரு கிழமைக்குள், ஏழெட்டு நாளில், படுத்துவிட்டது. அந்த இடத்தில் கால் வைத்தால் கறுப்பாய் ஏதோ ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். தண்ணீர் நின்ற பள்ளங்களில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது.

விவசாயப் போதனாசிரியர் நல்லரெத்தினம் சைக்கிளில் வந்து பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே வைத்து மணந்துவிட்டுக் கீழே போட்டார்.

"மேல்மண் ஒரு அடியை வெட்டி அள்ளவேணும் அம்மா. இல்லாட்டி ரெண்டு மூண்டு வருசம் சும்மா போடவேணும். வேற வழி எனக்குத் தெரியல்ல."

"ஒரு அடி மண்ண வெட்டி எங்க கொட்டுற? உங்கட விவசாயக் கந்தோரிலயா?" என்று நேசம்மா கேட்டாள்.

அவர் சைக்கிளை எடுத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வருடம் கல்முனையிலிருந்து பொத்துவில்வரை ஒவ்வொரு வயற்காரரும் அவரைப்போன்ற ஒருவரைப் பிடித்து ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நேசம்மா யாரிடமும் மக்கீன் குடும்பத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் "கடவுள்ட செயல்" என்றாள். அஸீஸாவுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. மக்கீனும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. முன்பெல்லாம் மெசினுக்கு அடியில் படுத்துக்கொண்டே குசினியில் இருக்கும் அவளோடு சத்தம்போட்டுக் கதைக்கிறவன், இப்போது வேலை செய்வதும் சாப்பிடுவதும் தொழப் பள்ளிக்குப் போவதுமாக இருந்தான். தன்மேல்தான் அவனுக்குக் கோபம் என்று அஸீஸா நினைத்தாள். ஒரு நாளாவது திட்டிவிட்டால் நல்லது என்று இருந்தது.

அவர்களுடைய வளவிலும் ஒயில் ஊறிய ஓர் இடம் இருந்தது. பீப்பாக்களை நிறுத்திவைத்த வேலியோரம், இரண்டு பாய் விரிக்கிற அளவு. வெயில் ஏறினால் அதிலிருந்து எழும்பும் மணத்தில் பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொள்ளும். மேலே மணல் கொட்டி மூடலாம் என்றால் மணலுக்கு வண்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் விழுந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. அதனால் அஸீஸா ஆட்டுக்கொட்டிலைக் கூட்டியள்ளும் புழுக்கையை அதில் கொட்டத் தொடங்கினாள். கொட்டில் கூரையிலிருந்து விழுந்து உக்கிய வைக்கோலையும் போட்டாள். மணத்தை மூட வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். கோழிகளுக்கு அது பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. பூச்சி தேடி நாள்முழுக்க அதைக் கிளறிக் கிளறிப் போட்டன. அவள் கூட்டி மூடுவாள், அவை கிளறும்.

சித்திரையில் ஒரு நாள் அங்கே ஒரு பூசணிக்கொடி ஓடியிருப்பதைக் கண்டாள். கூட்டிக் கொட்டிய குப்பையோடு விதை வந்திருக்கும். இலைகள் தேங்காய்ச் சிரட்டையைவிடப் பெரிதாக, கரும்பச்சையாக இருந்தன. பந்தல் போடலாமென்று கம்பு நட மண்வெட்டியால் கொத்தினாள். கொத்தியவள் அப்படியே குந்தினாள். மண் கறுப்பாக இல்லை. கையில் ஒட்டவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மண்புழு நெளிந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மழை பெய்த பிறகு வயலில் வரும் மணம்தான் வந்தது.

"இஞ்சேருங்க! இஞ்ச ஓடி வாங்க!"

மக்கீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். ஒயிலோடேயே வாழ்கிறவன் அவன். மண்ணை விரல்களுக்கிடையில் வைத்து உரசினான், மணந்தான், மறுபடி உரசினான்.

"கீழ எறங்கியிருக்கும்" என்றான். மண்வெட்டியை வாங்கி இரண்டடி ஆழத்துக்குத் தோண்டினான். கீழேயும் இல்லை.

அவன் உள்ளே போய் இரண்டு அகலமான எனாமல் பேசினில் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்றில் அந்த மண்ணில் ஒரு பிடியைக் கரைத்தான். வேலியைத் தாண்டிப்போய் நேசம்மாவின் வயலில் ஒரு பிடி எடுத்துவந்து மற்றதில் கரைத்தான். வயல்மண் கரைந்த பேசினில் மயில்கழுத்துப் படலம் உடனே விரிந்தது. மற்றதில் ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழைபோல ஏதோ மினுங்கியது. இருவரும் குந்தியிருந்து நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஒயில் எங்க போன?" என்று அஸீஸா கேட்டாள்.

"அல்லாஹ்தான் அறிவான்" என்றான் மக்கீன்.

அந்தக் கிழமையே நேசம்மா வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, வயலை விலைக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னாள். நெல்மில் ஷரிபுதீன் ஹாஜியார் கேட்கிறார். மண் போட்டு நிரப்பி நெல் காயப்போடும் களமாக்கப்போகிறார். ஆனால் கால் ஏக்கரை மட்டும் அவர் வாங்கமாட்டார், முழுவதையும் கேட்கிறார்.

"சாரதாக்கு வயலுக்குப் பதிலா வேற என்னவும் பாப்பம். மூண்டு வருசம் நான் இருந்து பாக்க ஏலுமா? போற வாற நேரமெல்லாம் அந்தக் கறுப்பப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு அடைக்குது புள்ள."

அஸீஸா அவளைக் கையில் பிடித்துப் பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பூசணியைக் காட்டினாள், தோண்டிய குழியைக் காட்டினாள், பேசினில் மண்ணைக் கரைத்துக் காட்டினாள்.

"ஒரு போகம் மட்டும் பொறுங்கக்கா. வயலுக்கும் இப்படியே எருப் போட்டுப் பாப்பம்."

"பூசணி வளரும். அது குப்பைமேட்டிலயும் வளரும். நெல்லு அப்படியா?" என்று நேசம்மா சிரித்தாள். பிறகு அஸீஸாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "உனக்கென்ன புள்ள இவ்வளவு அந்தரம்? ஏன் இப்படித் தவிக்கிறாய்?"

"பீப்பாவ வேலியோரம் வைக்கச் சொன்ன நான்தான் அக்கா."

"என்னது?"

"காத்து அடிச்ச அண்டைக்குக் காலையில. அதுவரைக்கும் கராச்சுக்குள்ளதான் இருந்த. மணக்குது, வெளியில போடுங்க எண்டு நான்தான் சொன்ன. அவர் ஏலா எண்டார். நான்தான் விடல்ல. ரேடியோவில காத்து வருது எண்டு சொன்ன, நான் சும்மா மழைதான் எண்டு நினைச்சிட்டன். உள்ள இருந்திருந்தா ஒண்டும் ஆகியிரா. சுவர் இப்பவும் நிக்குது, பாருங்க. நீங்க கடவுள்ட செயல் கடவுள்ட செயல் எண்டு சொல்லச் சொல்ல, நான்..."

நேசம்மா கராச்சுச் சுவரைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, பாதி குடித்த கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சோறு போடும்போது அஸீஸா மக்கீனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் இருந்தான்.

"அத ஏன் நீ போய்ச் சொன்ன?"

"பின்ன எத்தின நாளைக்கு வயித்துக்குள்ள வச்சிருக்க? நீங்களும் மனசில வச்சிக்கிட்டுத்தானே இருக்கீங்க. ஒரு நாளைக்கு என்னத் திட்டியிருக்கலாம்தானே. கதைக்காம இருந்து இருந்து என்னக் கொல்லுறீங்க."

"உன்ன என்னத்துக்குத் திட்ட?" என்றான் மக்கீன். "மூடி போடாம வச்சது நான். ரெண்டு பீப்பாவுக்கு மூடியே இல்ல. சாக்குத் துண்டாலதான் அடைச்சிருந்தன். மூணாவதுட மூடியையும் இறுக்கல்ல. மூடி இருந்திருந்தா பீப்பா மிதந்து எங்கயாவது போய்க் கிடந்திருக்கும், ஒரு துளி சிந்தியிரா. நீ அதக் கேப்பாய், கேப்பாய் எண்டு நான் பயந்துகிட்டுக் கிடக்கன்."

"எனக்கு மூடியப் பத்தித் தெரியவே தெரியாதே!"

"எனக்கெப்படி அது தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அஸீஸாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். மக்கீன் சோற்றை வாயில் வைத்தான். இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொன்னான். அன்று பின்னேரம் மெசினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, நட்டுக் கழற்றும் பதினெட்டு நம்பர் சாவி எங்கே என்று குசினிப் பக்கம் பார்த்துச் சத்தம்போட்டான். அவளுக்கு எப்படி அது தெரியும்? ஆனாலும் அவள் எழும்பிப் போய்த் தேடிக்கொடுத்தாள்.

நேசம்மா நான்கு நாட்கள் அந்தப் பக்கம் வரவில்லை. வாய்க்கால் வரம்பால் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போவது தெரிந்தது. அஸீஸா வேலியோரம் நின்று பார்ப்பாள். நேசம்மா திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் பின்வேலியோரம் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நேசம்மா தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு சாக்குச் சாணம்.

"உன்ட நாலு ஆட்டுப் புழுக்கை கால் ஏக்கருக்குக் காணுமா?" என்று கேட்டாள்.

அஸீஸா ஓடிப்போய்ச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"நாலு நாளாக் கோவம்தான். இப்பவும் கொஞ்சம் கிடக்கு. உன்னோடயும்தான், அவனோடயும்தான். மறுகா யோசிச்சிப் பாத்தன். கடவுளோட நான் சண்டை புடிக்க ஏலா. உங்களோட எண்டாப் புடிக்கலாம், வேலையும் வாங்கலாம். ஹாஜியாரிட்ட ஒரு போகம் பொறுக்கச் சொல்லிட்டன். எங்க மக்கீன் தம்பி? வரச் சொல்லு."

இரண்டு பசுவும் நான்கு ஆடும் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. கிட்டங்கிப் பக்கத்தில் முகைதீன்பாவா என்பவர் பெரிய மாட்டுப்பட்டி வைத்திருந்தார். பட்டியைக் கொண்டுவந்து அந்தக் கால் ஏக்கரில் ஒரு மாதம் கட்டும்படி மக்கீன் போய்க் கேட்டான். அவர் சம்மதிக்கவில்லை.

"மாடு நிலத்த நக்கும். காத்தில போன பாதி போக மிச்சம் கிடக்கிற மாட்ட ஒயிலக் குடுத்துக் கொல்லச் சொல்லுறியா? சாணம் வேணுமெண்டா எவ்வளவும் அள்ளிக்கிட்டுப் போ."

அவர் சொன்னது நியாயம்தான். திருத்த வந்த மெசின் ஒன்றை, உரியவரிடம் கேட்டு, இழுவைப் பெட்டியோடு எடுத்துப்போய் மக்கீன் பதினாறு நடை சாணம் ஏற்றிவந்தான். ஹாஜியாரின் மில்லுக்குப் பின்னால் மலைபோலக் கிடந்த உமியையும் கேட்டான். ஹாஜியார் அள்ளிப்போகச் சொன்னார். "நெல்லு விளையல்ல எண்டா வயல் எனக்குத்தான், ஞாபகம் வச்சிக்க" என்றும் சொன்னார்.

வைகாசியில் சாணத்தையும் உமியையும் பரப்பி உழுதார்கள். முதல் ஒரு மாதம் வீணாய்ப் போனது. நேசம்மாவுக்கு நெல்வயல் என்றால் தண்ணீர் நிற்க வேண்டும். எரு உக்குவதற்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வாய்க்காலைத் திறந்துவிட்டிருந்தாள். நின்ற தண்ணீர் புளித்துப்போய், ஒயில் மணத்தோடு அழுகல் மணமும் சேர்ந்து, வீதியில் போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பேசினில் கரைத்துப் பார்த்தால் படலம் முன்புபோலவே விரிந்தது.

"நான் அப்பவே சொன்ன" என்றாள் நேசம்மா. முகம் செத்துப்போயிருந்தது.

அஸீஸா அன்று முழுவதும் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரத்து இடத்தில் தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை. மழை நனைத்துவிட்டுப் போகும். கோழி கிளறும். மறுபடி காயும், கிளறும். பின்னேரம் வேலியைத் தாண்டிப் போனாள்.

"அக்கா, தண்ணிய வெட்டி விடுவம். ஈரம் மட்டும் இருந்தாக் காணும். இத நாம கிளறிக்கிட்டே இருக்கவேணும். கோழி செஞ்சது அதத்தான்."

"நான் என்ன கோழியா?" என்றாள் நேசம்மா. ஆனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரம்பை வெட்டிவிட்டாள்.

அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை மக்கீன் மெசினை இறக்கி உழுதான். இடையில் இரண்டு பெண்களும் மண்வெட்டியால் புரட்டினார்கள். கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் வாளியில் அள்ளித் தெளித்தார்கள். புரட்டும்போது மண்ணிலிருந்து வெதுவெதுப்பாய்ச் சூடு எழும்பியது. காலையில் பார்த்தால் மெல்லிய புகைகூடத் தெரியும். ஆடி மாதம் நோன்பு வந்தது. அஸீஸா நோன்போடு மண்வெட்டி எடுத்து வந்தால் நேசம்மா அதைப் பறித்துக்கொள்வாள்.

"தண்ணி வெண்ணி குடிக்காம வெயிலுக்க நிண்டு விழுந்துகிழுந்து போயிராத. உன்ட புருஷன் மறுகா என்னக் குத்தம் சொல்லுவான். போய் நிழல்ல இரு."

அஸீஸா நிழலில் இருந்தபடி பேசின் வேலையைச் செய்தாள். வயலில் ஐந்து இடத்தில் ஒவ்வொரு பிடி எடுப்பாள், கரைப்பாள், பார்ப்பாள். படலம் முதலில் பேசின் முழுக்க இருந்தது. பிறகு பாதியானது. பிறகு துண்டு துண்டாக உடைந்து மிதந்தது. நோன்புப் பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது நான்கு இடத்து மண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. பீப்பாக்கள் சரிந்து கிடந்த இடத்து மண்ணில் மட்டும் இன்னும் மினுங்கியது. நேசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நேசம்மா தண்ணீரைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். நம்பாமல், தானே போய் ஒரு பிடி எடுத்துவந்து கரைத்தாள். பிறகு அந்தச் சேற்றுத் தண்ணீர் பேசினை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நல்லரெத்தினம் அந்த வழியாகப் போனபோது இறங்கி வந்தார். மண்ணை மணந்தார். இந்தமுறை கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் படிச்ச ஒண்டிலயும் இது இல்ல. சாணத்தில உள்ள கிருமிகள் ஒயிலத் தின்னுது போல. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியா. எழுதி அனுப்பினா மேல இருக்கிற ஆக்கள் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு நல்ல விதைநெல்லா அனுப்பச் சொல்லுங்க" என்றாள் நேசம்மா.

ஐப்பசியில் மழை பிடித்தது. பெரும்போகத்துக்கு ஊரே விதைத்தது. நேசம்மாவும் ஒரு ஏக்கர் முழுவதையும் விதைத்தாள். முளைத்தது. அதில் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை, போனமுறையும் முளைத்ததுதான். ஒரு விரல் உயரத்தில்தான் அது மஞ்சளானது.

அந்த நாட்களில் அஸீஸா விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு வரம்புக்குப் போய்விடுவாள். அங்கே நேசம்மா அவளுக்கு முன்பே வந்து நிற்பாள். பயிர் ஒரு விரல் உயரம் வந்தது. நுனியைப் பிடித்துப் பார்த்தார்கள், பச்சை. அடுத்த நாளும் பச்சை. ஒரு நாள் பயிரின் கீழ் இலை ஒன்று மஞ்சளாய்த் தெரிந்தபோது அஸீஸா அதை நேசம்மாவுக்குக் காட்டினாள். நேசம்மா வயலுக்குள் இறங்கி அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது புழு தின்ட இல புள்ள" என்றாள். "இஞ்ச பாரு ஓட்டைய. புழு! புழு வந்திருக்கு!"

வயலில் புழு கண்டு ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த வயல்வட்டையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவள் அந்த இலையை அஸீஸாவின் கையில் வைத்து அழுத்தினாள். அந்தக் கிழமை முடியும்போது பயிர் ஒரு சாண் உயரம் நின்றது. காற்று அடித்தபோது முழு ஏக்கரும் ஒன்றாகவே சாய்ந்து நிமிர்ந்தது. எது முக்கால், எது கால் என்று தெரியவில்லை. மக்கீன் கராச்சிலிருந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறையும் சொன்னான்.

அன்று மத்தியானம் அஸீஸா பாயை விரித்துப் படுத்தாள். பகலில் படுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சும்மா முதுகை நீட்டலாமென்று படுத்தவள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து எழுப்பும்வரை தூங்கினாள்.

மாசியில் வெட்டினார்கள். பீப்பாக்கள் கிடந்த இடத்தில், ஒரு வண்டி நிறுத்துகிற அளவில், கதிர் பதராகத்தான் போயிருந்தது. மிச்சமெல்லாம் விளைந்திருந்தது. கால் ஏக்கரில் விளைச்சல் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வெட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவு எரு அந்த வட்டையிலேயே எந்த வயலும் கண்டதில்லை. கதிரைச் சூடு அடித்து நெல் பிரிக்க மக்கீன்தான் மெசின் ஓட்டினான். ஹாஜியார் வந்து வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "களத்துக்கு நான் வேற இடம் பாக்கிறன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு கிழமை கழித்து நேசம்மா ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் புது அரிசி கொண்டுவந்தாள்.

"கால் ஏக்கரில வெளஞ்ச அரிசி. நாங்க வீட்டில சாமிக்கு வைக்க முந்தி உனக்கெண்டு வேறயா எடுத்து வச்சன். நீ ஆக்கு. நான் இருந்து பாக்கப்போறன்."

"என்னத்தப் பாக்க?"

"ஆக்கு புள்ள."

அஸீஸா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். நேசம்மா குசினி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வெற்றிலையைக்கூட மறந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். சோற்றில் ஒயில் மணந்துவிடுமோ என்று. சோறு கொதித்து வந்தது. அஸீஸா மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி வாயில் போட்டாள்.

"என்ன, மணக்குதா?" என்று நேசம்மா கேட்டாள்.

"ஓம். சோறு மணக்குது."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லக்கா. வெறும் சோறு."

நேசம்மா எழும்பி வந்து அகப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் போட்டு மென்றாள். வெந்தது காணாது, இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்றாள். பிறகு, மீன் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். முந்தின நாள் பாரைமீன் ஆணம் சட்டியில் இருந்தது. அஸீஸா அதை அடுப்பில் ஏற்றிச் சூடாக்கினாள். மக்கீனையும் கூப்பிட்டு, எல்லோருமாக இருந்து சாப்பிட்டார்கள்.